கோ. அல்ல, ச.

அடியே தமிழம்மா,

இன்று மத்தியானம் ஆசிரியர் அறையில் உன் அலமாரியைக் காலி செய்தேன். சாவி எங்கே போனதென்று தெரியவில்லை, பூட்டை உடைத்துத்தான் திறக்க வேண்டியிருந்தது. கதவு திறந்ததுமே தைல வாசனை மூக்கில் ஏறியது. தலைவலிக்கு நெற்றியில், சளிக்கு மூக்கில், கோபம் வந்தால் கழுத்தில் என்று எதற்கெடுத்தாலும் தடவிக்கொள்வாயே, அதே தைலம். பாட்டிலில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பக்கத்தில் ஒரு மடக்குக் குடை, ஊக்கு டப்பா, 'இந்த ஞாயித்துக்கிழமை தோச்சிடுறேன்' என்று சொல்லிச் சொல்லியே நீ துவைக்காத கைத்துண்டு.

அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. கோபம்தான் வந்தது. நேற்றிலிருந்தே எனக்குள் கொதித்துக்கொண்டிருக்கிற கோபம் அது. நேற்றுக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். பள்ளிக்கூடம் முழுக்க இன்று அதே பேச்சு. எல்லாம் உன் பேருக்காக. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

நம் சிநேகிதமே ஒரு பேரில்தானே ஆரம்பித்தது.

நான் பம்பாயில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலமும் மராத்தியும். அங்கே பேருக்குப் பின்னால் ஒரு குடும்பப் பேர் இல்லாவிட்டால் ஒரு வேலையும் நடக்காது. நமக்கேது குடும்பப் பேர்? அப்பாவின் பேரைத் தூக்கிப் பின்னால் ஒட்டிவிட்டார்கள். பள்ளியில் என்னை என் பேர் சொல்லி ஒருவரும் கூப்பிட்டதில்லை. "ஆறுமுகம், ஸ்டாண்ட் அப்." அவ்வளவுதான். நானே ஆசிரியையாகிக் கணக்கு எடுக்கத் தொடங்கிய பிறகும் ஆறுமுகம் மிஸ்தான். அதில் எனக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை, ஊரே அப்படித்தானே இருந்தது.

கல்யாணமாகி அம்பத்தூர் வந்தேன். என் வீட்டுக்காரருக்கு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் வேலை. "தமிழ்நாட்டுக்குத்தானே போறே, உனக்கென்ன கஷ்டம்?" என்று சொல்லித்தான் எல்லோரும் ரயிலேற்றினார்கள். பாஷை தெரிந்த ஊரில் எல்லாமே தெரிந்துவிடும் என்று நானும் நம்பித்தான் வந்தேன்.

நம் பள்ளியில் எனக்கு முதல் நாள், ஏழாம் வகுப்பு. வருகைப் பதிவேட்டில் பிள்ளைகளின் பேரோடு அப்பா பேரையும் எழுதியிருந்தார்கள். நான் பம்பாய்ப் பழக்கத்தில் கடைசியில் இருந்த பேராகப் பார்த்துக் கூப்பிட்டேன். "முருகேசன்!" பதில் இல்லை. "ஏழுமலை!" யாரும் எழுந்திருக்கவில்லை. "செல்வராஜ்! என்ன, காது கேட்கலையா?" என்று நான் அதட்டியதும் பின்வரிசையில் ஒருவன் எழுந்து நின்றான். "டேய், மிஸ்ஸு உங்கப்பனை இஸ்குதுடா!"

அப்புறம் நடந்ததை நான் சொல்ல வேண்டுமா என்ன? வகுப்பு வெடித்துச் சிரித்தது. அப்பன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவதுதான் இந்த ஊர்ப் பையன்களுக்குள் பெரிய வம்பு, அதற்காகவே மைதானத்தில் சட்டை கிழியும் என்பது எனக்கு எங்கே தெரியும்? நான் கூப்பிடக் கூப்பிட அவர்களுக்குக் கொண்டாட்டம். "முருகேசா, உன்னைத்தாண்டா!" என்று ஒருவன் சொல்ல, முருகேசனின் மகன் அவன் காலரைப் பிடித்துவிட்டான். பக்கத்து வகுப்பிலிருந்து கையில் சாக்பீஸோடு நீ வந்து நின்றாய். "அமைதி. அனைவரும் அமருங்கள்" என்று சுத்தத் தமிழில் ஒரே ஒரு அதட்டல். உட்கார்ந்துவிட்டார்கள். அப்புறம் என்னை வெளியே கூப்பிட்டு அம்பத்தூர்த் தமிழில் ஆரம்பித்தாய்.

"இன்னாமா நீ? வந்த மொத நாளே எல்லார் அப்பனையும் இஸ்துகினு வந்து கிளாஸ்ல உக்கார வெச்சுட்டே?"

மத்தியானம் ஆசிரியர் அறையில் உனக்கு நன்றி சொல்ல வந்தேன். கையெழுத்துப் பதிவேட்டில் உன் பேரை ஆங்கிலத்தில் பார்த்து வைத்திருந்தேன், அதன் வாலில் இருந்த பேரோடு. மரியாதையாகக் கூப்பிட வேண்டுமே என்று, "தேங்க்ஸ், கோவிந்தராஜ் மேடம்" என்றேன். சுற்றி இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். நீ சோற்றைப் பிசைந்த கையோடு அறையைச் சுற்றிலும் தேடுகிறவளைப் போலப் பார்த்தாய்.

"எங்கம்மா கீறான் அந்தாளு? நானே தேடிகினு கீறேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாய் பார், கண்ணில் தண்ணீர் வரும்வரை. அன்று சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு முழுக் கதையும் சொன்னாய். உன் புருஷன் குடித்துவிட்டு வந்து கை நீட்டினான், நீதான் வீட்டை விட்டு வந்துவிட்டாய். "ஊட்டை உட்டேன், ஆளை உட்டேன். பேரு மட்டும் செருப்புல ஒட்டுன சூயிங்கம் மாரி கூடவே வருது" என்றாய். கல்யாணத்துக்கு முன் நீ ச. என்று போட்டுக்கொண்டிருந்தாய். ச என்றால் சம்பூர்ணம், உன் அம்மா. அப்பா முகமே உனக்கு நினைவில்லை. எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் நாள் முழுக்க நின்றபடியே பெட்டி கட்டி உன்னைத் தமிழ் எம்.ஏ. வரை படிக்க வைத்தவர் அவர். கல்யாணப் பத்திரிகையைப் பள்ளியில் கொடுத்தாய். அடுத்த மாதம் பதிவேட்டில் ச. போய்க் கோ. வந்துவிட்டது. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலடி. வாழ்த்துக்கள்னு வேற சொன்னாங்க."

பேருந்து வந்தது. நீ ஏறவில்லை, நானும் ஏறவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு நீ பம்பாய் என்று பேர் வைத்தாய். "ஏ பம்பாய், டீ குடிக்க வா." "பம்பாய், பூந்தமல்லிக்குப் போலாமா, வளையல் வாங்கணும்." என் பேச்சில் பேஜார், ஜல்தி, உஷார் எல்லாம் வந்து விழுவதைக் கேட்டு முதலில் கேலி செய்தாய். அப்புறம் ஒருநாள் உனக்கே சந்தேகம் வந்துவிட்டது. "இதெல்லாம் எங்க ஊரு வார்த்தையாச்சே, நீ எங்கடி சுட்டே?" என்று கேட்டாய். எங்கள் ஊரிலும் இதுதான் பேச்சு என்றேன். "அப்ப நீ வெளியாளு இல்லடி. சுத்திகினு வந்த உள்ளாளு" என்றாய். அந்த ஒரு பேச்சில்தான் நான் இந்த ஊரில் காலூன்றினேன். இதை உன்னிடம் நேரில் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நீ அதையும் வைத்து ஒரு வாரம் ஓட்டியிருப்பாய்.

ச.வை நீ விடவே இல்லை. வினாத்தாளில் ச. என்று எழுதுவாய், அலுவலகம் திருத்தி அனுப்பும், நீ மறுபடி ச. என்று எழுதுவாய். கடைசியில் முறைப்படி விண்ணப்பித்து, அரசிதழிலேயே பேரை மாற்றிக்கொண்டு வந்து தாளாளர் மேசையில் வைத்தாய். "பாக்கலாம்மா" என்றார். பார்த்தார், பார்த்தார், நீ சாகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். "விடேன், ஓரெழுத்துதானே" என்று ஒரு தடவை நானே சலித்துக்கொண்டதற்கு நீ விட்ட டோஸ் இன்னும் காதில் இருக்கிறது. "ஓரெழுத்துன்னா சும்மாவா? அவங்களுக்கு ஓரெழுத்துதானே, குடுத்துட்டுப் போறது!"

மே மாத விடுமுறையில் நீ போனாய். நெஞ்சு வலிக்கிறது என்றாயாம், ஆட்டோ பிடிப்பதற்குள் முடிந்துவிட்டது. செய்தி கேட்டு ஓடி வந்தேன். உன் தெரு முனையிலேயே கண்ணீர் அஞ்சலி போஸ்டர். உன் படம், கீழே உன் பேர், முன்னால் கோ. அதற்கும் கீழே 'ஆழ்ந்த துயரத்துடன் கணவர் கோவிந்தராஜ்' என்று உன் பேரைவிடப் பெரிய எழுத்தில். இத்தனை வருஷம் எட்டிப் பார்க்காத மனுஷன் பந்தலுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தான். உன் அம்மா ஒரு மூலையில் இருந்தார். சாவு வீட்டில் என்ன பேசுவது? பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பள்ளி திறந்ததும் அறிவிப்பு வந்தது. தமிழில் முதல் மதிப்பெண் எடுக்கும் பிள்ளைக்கு வருஷா வருஷம் உன் பேரில் ஒரு நினைவுக் கோப்பை. கொடுப்பவர் உன் கணவர். கோப்பை மேசையில் இருந்தது, போய்ப் பார்த்தேன். கோ. என்று அழகாகப் பொறித்திருந்தார்கள். தாளாளர் என்னைக் கூப்பிட்டார். "நீங்கதான் அவங்களுக்கு ரொம்ப க்ளோஸ். மைக்ல நீங்களே அறிவிச்சுடுங்க."

"இனிஷியல் தப்பா இருக்கு சார்" என்றேன்.

"போன மனுஷிக்கு இனிஷியல்ல என்னம்மா இருக்கு?"

"ஒண்ணுமில்லேன்னா ச. போட்டுடலாமே சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இதெல்லாம் இங்க உள்ள வழக்கம்மா. புருஷன் பேரு போடுறதுதான் மரியாதை. நீங்க வெளி ஸ்டேட்ல இருந்து வந்தவங்க, உங்களுக்குப் புரியாது."

எனக்கு எப்படி எரிந்தது தெரியுமா? இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இத்தனை வருஷமாகக் கணக்கு சொல்லித் தருகிறேன். மழையில் பள்ளிக்குள் தண்ணீர் வந்தபோது உன்னோடு நின்று பெஞ்சு தூக்கினேன். அப்போதெல்லாம் நான் எந்த ஸ்டேட்டாம்? வழக்கம் தெரியாதவள் என்கிறார். இந்த ஊரில் அந்த ஓரெழுத்து என்ன பாடு படுத்தும் என்று முதல் நாளே அடிபட்டுத் தெரிந்துகொண்டவள் நான். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உனக்கு எதுக்கு இந்த வம்பு? வேலைக்கு உலை வெச்சுடப் போறாங்க" என்றார். வைக்கட்டும் என்றேன். ராத்திரி தோசை வார்த்துப் போட்டேன், அவரும் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

நேற்றுக் காலை முன்வரிசையில் வெள்ளைச் சட்டையில் அந்தக் கோவிந்தராஜ். உன் அம்மா ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். அவரை மூன்றாவது வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குள் இருந்த கொஞ்ச நஞ்சப் பயமும் போய்விட்டது. மைக்கைப் பிடித்தேன். உன்னைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினேன். அப்புறம் கோப்பையை அறிவித்தேன். ச. என்று சொல்லி, உன் பேரைச் சொன்னேன்.

தாளாளர் நாற்காலியிலிருந்தபடியே, "கோ... கோ..." என்று எடுத்துக் கொடுத்தார், பாட்டு மறந்த பிள்ளைக்கு எடுத்துக் கொடுப்பதைப் போல.

"ச." என்றேன் மறுபடியும். "ச என்றால் சம்பூர்ணம். டீச்சருடைய அம்மா. அதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறார்கள்."

பிள்ளைகள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் எழுந்துவிட்டான். "ஏம்மா, நான் புருஷன் இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்துகினு கீறேன்!"

"தெரியும் சார். கோப்பை குடுத்ததுக்கு நன்றி. பேரு அவங்களோடது."

இரைச்சல் கிளம்பியது. தாளாளர் மைக்கை வாங்க எழுந்து வந்தார். அதற்குள் மூன்றாவது வரிசையிலிருந்து உன் அம்மாவின் குரல். அந்தக் குரல் உனக்கு எங்கிருந்து வந்ததென்று நேற்றுத்தான் எனக்குப் புரிந்தது.

"இன்னொரு தபா சொல்லு கண்ணு! நல்லா சத்தமா சொல்லு!"

சொன்னேன்டி. தாளாளர் கை மைக்கின் மேல் இருக்கும்போதே சொன்னேன்.

மெமோ வந்துவிட்டது. அனுமதி இல்லாமல் பேரை மாற்றிப் படித்தது ஏன் என்று கேட்டிருக்கிறார்கள். நான் மாற்றவில்லை, மாற்றியவர்கள் நீங்கள் என்று எழுதி, அரசிதழின் நகலை வைத்துக் கொடுத்துவிட்டேன். வேலையை விட்டு எடுப்பார்களா, வேறு கிளைக்கு அனுப்புவார்களா, தெரியாது. நானாகப் போக மாட்டேன். இது என் ஊர், இங்கேதான் இருப்பேன்.

கோப்பையில் இன்னும் கோ.தான் இருக்கிறது. பொறித்ததை அழிக்க முடியாதாம். இருக்கட்டும். வருஷா வருஷம் ஒரு பிள்ளை அதை வாங்க மேடை ஏறும், உன் பேரை யாராவது படித்துத்தானே ஆக வேண்டும்? என் கையில் இனி மைக் வராது. மைக் யாருக்கு வேண்டும்? நான் கணக்கு வாத்தியார். என் எதிரில் ஒருவர் தப்பாகச் சொன்னால் என்னால் சும்மா இருக்க முடியாது. அவர்கள் மேலே நின்று கோ. என்று படிக்கட்டும், நான் கீழே நின்று திருத்திச் சொல்வேன்:

ச.