அம்மா மாதிரி என்று சொல்லிவிட்டால் போதுமா

செவ்வாய்க்கிழமை, இரவு.

ஆராய்ச்சிக்காக இன்று வடுகபட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்குப் போனேன். ஆண், பெண் தலைமையாசிரியர்கள் பள்ளியை எப்படி நடத்துகிறார்கள் என்று அங்கங்கே ஆசிரியர்களிடம் கேட்டு வருகிறேன். கணக்கு ஆசிரியர், தலைமையாசிரியை எதிரிலேயே, "எங்க பெரிய டீச்சர் அம்மா மாதிரி. அம்புட்டு அன்பானவுக" என்றார்.

அவர் வகுப்புக்குப் போனதும் தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். "தம்பி, மத்த ஸ்கூல்ல ஹெட்மாஸ்டரை அப்பா மாதிரின்னு யாராச்சும் சொன்னாகளா?"

இல்லை. திறமையான நிர்வாகி என்றுதான் சொன்னார்கள்.

"அன்பானவுகன்னு சொல்றது சந்தோஷந்தான். நான் பார்த்த வேலை எங்க போச்சு?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். என் கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தேன். நான் எல்லோரிடமும் கேட்டது 'எப்படிப்பட்டவர்' என்றுதான்.

மதியம் கணக்கு ஆசிரியரை மறுபடி பிடித்தேன். "இந்த வருசம் டீச்சர் முன்ன நின்னு முடிச்ச வேலை ஒண்ணு சொல்லுங்க சார்."

மனிதர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். "பஸ்ஸு இங்கன நிக்காமலே போயிரும். பிள்ளைக வெயில்ல நடந்து வரும். டீச்சர் டிப்போவுக்கு நடையா நடந்து, விடாமப் பேசி, ஸ்கூல் கேட்டுக்கு முன்னாடியே நிப்பாட்ட வச்சுட்டாகல்ல!"

"காலையில ஏன் சார் இதைச் சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

இனி, ஏற்கெனவே போன பள்ளிகளுக்கெல்லாம் திரும்பவும் போக வேண்டும். ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர் சத்தம் போடுவார். போடட்டும். ஆணோ பெண்ணோ, இனிமேல் எல்லோரைப் பற்றியும் 'என்ன செய்தார்' என்றே கேட்கப்போகிறேன். முதல் கேள்வியை இப்போதுதான் எழுதி முடித்தேன். நன்றாக வந்திருக்கிறது. இரண்டாவதை எழுதலாம் என்றால் கண் சொருகுகிறது.