பச்சைத் திரையில் முகத்துவாரம்

பழவேற்காடு
10-6-1987, இரவு

அன்புள்ள ஷுக்கூர் அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கச்சி கைருன் பீவி எழுதுகிறேன். நாங்கள் சுகம். சிங்கப்பூரில் நீயும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. டார்ச் லைட்டை வாயில் கடித்துக்கொண்டு எழுதுகிறேன். பக்கத்து அறையில் வாப்பா இருமும்போதெல்லாம் அணைத்துவிடுகிறேன்.

நீ அப்துல் ஹை மாமாவிடம் கொடுத்தனுப்பிய பெட்டி வந்தது. அது வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் உன் பெயரைச் சொல்ல முடியவில்லை.

மாமா பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, "ஷுக்கூர் குடுத்தான்" என்று மட்டும் சொல்லி, பொன்னேரி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார். கண்ணாடித் திரையைப் பார்த்ததும் வாப்பா டிவி என்று முடிவு செய்துவிட்டார். பழைய தோணியின் பாய்மரத்தை மாடியில் கட்டி, தெருவிலேயே உயரமாக ஆன்டெனா ஏற்றினார். ஞாயிற்றுக்கிழமைப் படம் பார்க்க எல்லாரையும் கூப்பிட்டார். நாற்பது பேர் வந்தார்கள். சுவிட்சைப் போட்டால் திரை பச்சையாக மினுக்கியது, அவ்வளவுதான். ஆன்டெனா ஒயரைச் சொருகக்கூட இடமில்லை. வாப்பா ஒயரைக் கையில் பிடித்தபடி நின்றார், அண்ணா.

ஐஸ் விற்கிற குப்பன், "இன்னா பாய், வெறும் தண்ணியா காட்டுது! ஹீரோ முழுகிட்டானா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

அன்றைக்கு வாப்பா சோறு சாப்பிடவில்லை. "பெத்தவனை ஊர் முன்னால கோமாளி ஆக்கிட்டான். ஜனவரியில லீவுல வரானாமே, வந்தா இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது. அவனுக்கு எவளாவது லெட்டர் போட்டா, அன்னியோட ஸ்கூல் நின்னுச்சு" என்றார். 'எவளாவது' என்றபோது என்னைத்தான் பார்த்தார்.

தெரிந்தேதான் அனுப்பினாயா? என்னோடு படிக்கும் ரோசி வீட்டு விலாசத்துக்குப் பதில் போடு. அவள் அம்மா சூசையம்மாள் யாரிடமும் சொல்ல மாட்டார்.

உன் தங்கச்சி,
கைருன்


சிங்கப்பூர்
24-6-1987

அன்புத் தங்கச்சி கைருனுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேலையே ஓடவில்லை. வாப்பாவை நான் அவமானப்படுத்துவேனா? அது டிவி இல்லை, உனக்கு என்று அனுப்பியது. மாமாவிடம் வாயால் சொன்னேன். ஒரு சீட்டு எழுதி வைக்காதது என் தப்பு.

அது கம்ப்யூட்டர் மானிட்டர். எங்கள் ஆபீசில் எட்டு வருஷமாகக் கப்பல்கள் வருவதையும் போவதையும் காட்டிக்கொண்டிருந்தது. கலர் வந்ததும் இதைக் குப்பைக்குத் தள்ளினார்கள். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பெட்டியின் அடியில், வைக்கோலுக்குக் கீழே, டைப்ரைட்டர் போல ஒன்று இருக்கும். அதுதான் கம்ப்யூட்டர். கூடவே ஒரு கேசட்டும் இருக்கும். நம் டேப் ரெக்கார்டரைக் கம்ப்யூட்டரோடு இணைத்துக் கேசட்டை ஓட விடு. ஐந்து நிமிஷம் பொறு. ஒரு விளையாட்டு வரும். ராத்திரி ராத்திரியாக நானே அடித்து அடித்துச் செய்தது. லாட்ஜில் இருக்கும் புதுக் கலர் டிவியில் போட்டுப் பார்த்தேன். படகு ஈரத்தில் ஊறிய மை மாதிரி கலங்கித் தெரிந்தது. இந்தக் கிழட்டு மானிட்டரில்தான் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக நின்றது. அந்தக் காலத்து விளையாட்டுக்கு அந்தக் காலத்துக் கண்ணாடிதான்.

வாப்பாவுக்கு இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. அவர் கூப்பிடாமல் ஜனவரியில் எப்படி வருவேன்?

அண்ணன்,
அப்துல் ஷுக்கூர்


பழவேற்காடு
19-7-1987, இரவு

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். உன் இரண்டு கடிதங்களையும் வாப்பா பிரிக்காமலே விறகு அடுப்பில் போட்டுவிட்டார். மன்னித்துக்கொள், இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். வந்துவிட்டது அண்ணா! வலை போட்டிருக்கும் அறையில், போர்வைக்குள் மானிட்டரோடு உட்கார்ந்துகொண்டு ஓட்டினேன். முதலில் இருட்டு. பிறகு கறுப்புக்குள்ளிருந்து பச்சைக் கோடுகள் வந்தன. பிளேடால் நறுக்கி வைத்தது போல் அப்படி ஒரு சுத்தம்! ரோசி வீட்டு டிவியில் முகமெல்லாம் நெளிந்துகொண்டே இருக்கும். இது காற்றில்லாத விடியற்காலையில் ஏரி கிடக்குமே, அப்படிக் கிடக்கிறது. படகு நகர்ந்தால் பின்னாலேயே மெல்லிய பச்சை வால் ஒன்று வந்து மறைகிறது. அதைப் பார்ப்பதற்காகவே சும்மா ஓட்டினேன். எங்கள் வகுப்பு மானிட்டர் மார்கரெட்டைவிட இந்த மானிட்டர் ஆயிரம் மடங்கு நல்லது. கத்துவதே இல்லை.

நீயா இதைச் செய்தாய்? என் அண்ணனா?

ஒரு குறை. மேலே கடல், கீழே ஏரி, நடுவில் ஒரு சந்து. படகை அதன் வழியாக உள்ளே கொண்டுவர வேண்டும், புரிகிறது. ஆனால் படகு தானாகவே இடப்பக்கம் ஒதுங்கி மணலில் முட்டிக்கொள்கிறது. ஏதாவது பழுதா?

பயமாக இருக்கிறது. நேற்றுக் காலையில் வாப்பா, "வலை ரூம்ல எலி சத்தம் கேக்குதே" என்றார்.

கைருன்


சிங்கப்பூர்
3-8-1987

அன்புத் தங்கச்சிக்கு,

பழுது இல்லை. வேண்டுமென்றே வைத்தது. ஏனென்று நம் வீட்டில் ஒருவருக்குத்தான் தெரியும். அவரிடம் நீ கேட்கவும் முடியாது.

போதும் கைருன், இனி தொடாதே. எனக்காக உன் படிப்பு நின்றால் நான் தாங்க மாட்டேன். ஜனவரி லீவை வேறொருவருக்கு மாற்றித் தரும்படி கேட்கிறார்கள். இந்த மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். சரி என்று சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன்.

அண்ணன்,
ஷுக்கூர்


பழவேற்காடு
14-8-1987, ஜும்ஆவுக்குப் பிறகு, பகல்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். லீவை யாருக்கும் கொடுக்காதே. முதலில் இதைப் படி.

உன் கடிதம் நேற்று வந்தது. நீ வரமாட்டாய் என்று தெரிந்ததும் அழுகையாக வந்தது. கடைசியாக ஒரு தடவை என்று ராத்திரி மானிட்டரைப் போட்டேன். போர்வையை யாரோ இழுத்தார்கள். வாப்பா. மூன்று மணிக்கே வலை எடுக்க வந்திருக்கிறார். உன் கடிதம் என் மடியிலேயே இருந்தது.

வாப்பா கடிதத்தைப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்தார்.

"இது இன்னா?"

"விளையாட்டு வாப்பா. அண்ணன் செஞ்சது."

"அந்தப் படகை ஓட்டு."

ஓட்டினேன். வழக்கம்போல இடப்பக்கம் ஒதுங்கியது.

"கடல் கிழக்கு, அது மேல இருக்கு. அப்ப இடப்பக்கம் வடக்கு. வடக்கே இழுக்குது" என்றார் வாப்பா. "ஆடி மாச நீரோட்டம். ஏய், இது நம்ம முகத்துவாரம்டி! தெக்கால அந்த மணல் மூக்கு, இந்தாண்ட வளைவு... எல்லாத்தையும் அப்பிடியே வெச்சிருக்கான் பாரு. தள்ளிக்கோ."

பெண்பிள்ளைகளை யார் தோணியில் முகத்துவாரம் வரை கூட்டிப்போகிறார்கள்? அதனால்தான் எனக்குத் தெரியவில்லை. வாப்பா எடுத்தவுடனே தெற்கே ஏற்றிப் பிடித்து, நீரோட்டம் இழுக்க இழுக்கச் சந்துக்குள் நுழைந்துவிட்டார். ஒரே தடவை! "கண்ணாடி நல்லா இருக்குடி. மூடுபனி விலகின மாதிரி" என்றார். இன்றைக்குத் தோணி விடியும்வரை அவருக்காகக் காத்திருந்தது.

இப்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

"எழுது. பையன் நல்லாத்தான் செஞ்சிருக்கான்... வேணாம், அதை அடி. சரி, இருக்கட்டும். ஆனா தப்பு இருக்குன்னு எழுது. இவன் போட்டிருக்கிறது மூணு வருஷத்துக்கு முந்தி இருந்த வாய். போன மழையில மணல் ஏறி வாய் வடக்கே நகந்துடுச்சு. இவன் சொல்ற வழியில இன்னிக்கு எவனாவது வந்தா தரை தட்டிடும். எழுதுனியா?"

"எழுதிட்டேன் வாப்பா."

"அங்க உக்காந்துக்கினு ஞாபகத்துல வரைஞ்சா இப்பிடித்தான் ஆகும். ஜனவரியில வரச் சொல்லு. நான் தோணியில கூட்டினு போறேன். ரெண்டு கண்ணாலயும் பாத்துட்டு, அப்புறம் வரையட்டும்."

இப்படிக்கு,
வாப்பா சொல்ல எழுதிய
கைருன் பீவி