முத்தாத செடிகள்

1968, ஐப்பசி, வெள்ளிக்கிழமை

இன்னும் கோபம் அடங்கவில்லை.

கொல்லையில் செண்டுமல்லி வைத்திருப்பதாகத்தான் கொழுந்தன் ராசு என்னிடம் சொன்னான். நம்பி, தினமும் நான்தான் தண்ணீர் ஊற்றினேன். இன்று மாலை அவனும் திட்டக்குடியிலிருந்து வந்த அவன் கூட்டாளியும் செடிகளுக்குப் பக்கத்தில் நின்று பேசியது காதில் விழுந்தது.

"பூ நல்லா முத்தட்டும்டா. இப்ப அறுத்தா கஞ்சா தலைக்கு ஏறாது" என்றான் ராசு.

"ரொம்ப முத்துனா தூக்கந்தான் வரும். நாளைக்கே அறுத்துடு" என்றான் மற்றவன்.

கஞ்சாவுக்கா நான் குடம் குடமாய்ச் சுமந்தேன்?

பீங்கான் கம்பெனியிலிருந்து வீடு திரும்பிய என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "தெரியும். சத்தம் போடாத. அறுத்துட்டுப் போவட்டும்" என்றார். தெரியுமாம்! போலீஸ் வந்தால் தண்ணீர் ஊற்றிய என்னைத்தானே முதலில் கேட்பார்கள்?

நேராகப் போய் எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கி எருக்குழியில் போட்டேன். மேலே சாணியைக் கரைத்து ஊற்றினேன். ராசு ஓடிவந்து தலையில் அடித்துக்கொண்டான்.

"இன்னும் கொஞ்ச நாளு பொறுத்திருக்கக் கூடாதா அண்ணி? முத்தவே இல்லையே!"

"எல்லாரும் என்னைக்கு ஜெயிலுக்குப் போவறதுன்னு உங்க அண்ணனையே நாள் பார்க்கச் சொல்லு" என்றேன்.

போட்டு வைத்த சோற்றை அண்ணனும் தம்பியும் தொடவில்லை. கிடக்கட்டும். நான் நன்றாகச் சாப்பிட்டேன்.