ஆர்வில் கொண்டுவந்த தோட்டா

அன்புள்ள அம்மாவுக்கு,

மோன்டானாவில் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

நேற்று ஆர்வில் என்ற கிழவர், தன் அப்பா உருவாக்கியதாகச் சொல்லி ஒரு கைத்துப்பாக்கித் தோட்டாவையும், சுட்ட வெறும் கூட்டில் மறுபடி மருந்தும் குண்டும் நிரப்ப உதவும் பழைய அச்சுகளையும் நான் வேலை செய்யும் துப்பாக்கிக் கடைக்குக் கொண்டுவந்தார். அளந்து பார்த்தேன். தோட்டா அளவுகள் போட்ட எந்தப் புத்தகத்திலும் இல்லாத அளவு. அவர் சொன்னது உண்மைதான்; இப்படி ஒன்றுக்குச் சேகரிப்பவர்கள் நிறையப் பணம் கொடுப்பார்கள். முதலாளி மேசைக்கடியில் என் காலை மிதித்துவிட்டுக் கிழவரிடம் சொன்னார்:

"சாதாரணத் தோட்டாவை வெட்டி உங்கப்பா உங்களை ஏமாத்தியிருக்காரு. என்ன டெல்பர்ட்?"

"ஆமா," என்றேன்.

கிழவர் எல்லாவற்றையும் குப்பைத் தொட்டியில் போட்டார். "ஊரெல்லாம் பெருமையடிச்சேனே. நீயாவது மழுப்பாம சொன்னியே, தம்பி," என்று என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். அவருடைய வண்டி கிளம்புமுன்பே முதலாளி தொட்டிக்குள் கையை விட்டுவிட்டார்.

இங்கே பனி அதிகம். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். கூடவே நாலு வரி எழுதுங்கள். அப்பாவுக்கு இதைப் படித்துக் காட்ட வேண்டாம். தபால் வண்டி வந்துவிட்டது.

டெல்பர்ட்