அரசர் தந்த குதிரை

வாஷிங்டன்
மார்ச் 3

அன்புள்ள கர்டிஸ்,

உன் வயிற்றுப்புண் இப்போது எப்படி இருக்கிறது? அரசு நெறிமுறை அலுவலகத்தில் பதினோரு வருடம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, பதவியில் இருப்பவர்களின் சொத்து அறிக்கைகளைச் சரிபார்த்த பழக்கம், விசாரிக்காமல் இருக்க முடியவில்லை. நீ அதிபரின் வக்கீலாகப் போனபோது முதலில் சந்தோஷப்பட்டவள் நான்தான்.

அதிபர்கள் தங்கள் வருமான வரிக் கணக்கை ஊருக்குக் காட்டுவது நாற்பது வருட வழக்கம், இவரும் காட்டட்டும் என்றுதானே சொன்னேன்? அதற்கு நீ தொலைக்காட்சியில் என் பெயரைச் சொல்லி, "வழக்கமாம் வழக்கம்! சட்டத்துல எந்தப் பக்கத்துல இருக்குன்னு அந்தம்மாவக் காட்டச் சொல்லுங்க" என்று சிரித்தாய். மறுநாளே என் இயக்குநர் பதவி போனது. பழைய மேஜைக்கே திரும்பிவிட்டேன். ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டிருக்கலாம் நீ.

லோர்னா

மே 2

அன்புத் தோழி லோர்னா,

இன்னுமா கோபம்? அரசியலில் இதெல்லாம் சகஜம். ஒருநாள் நண்டு சாப்பிடப் போவோம், செலவு என்னுடையது.

அதிபரின் சொத்து, பரிசு விவர அறிக்கையின் வரைவை இத்துடன் அனுப்புகிறேன். போன ஞாயிறு அவர் பண்ணைக்குப் போயிருந்தேன். வெளிநாட்டு அரசர் ஒருவர் அனுப்பிய பந்தயக் குதிரை நிற்கிறது. அடேயப்பா, என்ன மினுமினுப்பு! அதிபரின் பதினாறு வயது மகள் பெயருக்கு வந்ததால் அதை எழுதாமல் விட்டிருக்கிறேன். ஒத்துவராது என்றால் எப்போதும்போல ஒரு போன் போடு. பதினைந்தாம் தேதி அதிபர் கையெழுத்துப் போடுவதற்குள் திருத்திவிடுகிறேன்.

கர்டிஸ்

ஜூன் 20

லோர்னா,

பத்திரிகை முழுக்கக் குதிரைதான். விசாரணைக் குழு என்னை அழைத்திருக்கிறது. தெரிந்தே மறைத்தேன் என்று முடிவானால் வக்கீல் உரிமமே போய்விடும். அதிபரோ எல்லாப் பழியையும் என் தலையில் போட்டுவிட்டார். "ஏங்க, லோர்னா உங்களுக்குப் போன் பண்ணவே இல்லையா?" என்று என் மனைவி கேட்கிறாள். வரைவில் தப்பிருந்தால் கூப்பிட்டுச் சொல்வது நம் அலுவலக வழக்கம் இல்லையா? ஏன் கூப்பிடவில்லை?

கர்டிஸ்

ஜூன் 24

அன்புள்ள கர்டிஸ்,

கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று சட்டத்தில் எங்கே இருக்கிறது? தேடிப் பார்த்தேன், இல்லை.

மைனர் மகளுக்கு வந்த பரிசையும் காட்ட வேண்டும், வெளிநாட்டு அரசர் தரும் பரிசுக்கு நம் நாடாளுமன்றமான காங்கிரஸின் சம்மதமும் வேண்டும் என்பது சட்டம். கையெழுத்தான அறிக்கை வந்ததும், இரண்டும் நடக்கவில்லை என்று குறித்து மேலே அனுப்பினேன். அதற்கு முன் பதின்மூன்று நாள் இருந்தது. ஒருமுறை உன் எண்ணைப் பாதிவரை அழுத்தினேன். உன் சிரிப்பு ஞாபகம் வந்தது, வைத்துவிட்டேன். வருத்தப்படுவேன் என்று நினைத்தேன். படவில்லை, சந்தோஷமாகவே இருக்கிறது.

விசாரணையில் குதிரையைப் பற்றித் தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதே. நீ மே 2 அன்று எனக்கு எழுதிய கடிதத்தையும் இணைத்துத்தான் அனுப்பியிருக்கிறேன்.

லோர்னா