வாய்க்கால் முகப்பில் ஒரு கல்

ஐப்பசி 9, வெள்ளி.

மகன் முருகேசனோடு ஜெட் விமானம் ஓட்டிய சிநேகிதன் இன்று திருச்செங்கோட்டிலிருந்து பஸ் பிடித்து வந்தான். முருகேசனைப் பலிகொண்ட விமானம் ஏன் விழுந்தது என்று அவனாகவே சொன்னான். சத்தத்தை மிஞ்சிப் பறக்கும்போது காற்று அதே வேகத்தில் நுழைந்தால் எஞ்சின் தாங்காதாம். முகப்பிலுள்ள கூம்பில் மோதி, வேகம் தணிந்து, அழுத்தம் கூடித்தான் உள்ளே போக வேண்டுமாம். வேகத்துக்குத் தக்கபடி முன்னும் பின்னும் நகர வேண்டிய அந்தக் கூம்பு அன்று சிக்கிக்கொண்டது. எஞ்சின் திணறி அணைந்துவிட்டது.

"அத்தனை காத்து இருந்துமா மூச்சு முட்டிப்போச்சுங்க சாமி?" என்று என் சம்சாரம் கேட்டாள்.

கூம்பு விஷயம் எனக்கு முன்பே தெரியும். போன லீவில் மோட்டார்த் தண்ணீர் மஞ்சள் பாத்தியை அரித்தபோது, முருகேசன் வாய்க்கால் முகப்பில் ஒரு கல்லை நட்டு, "என் பிளேன்லயும் இதேதானுங்கப்பா" என்று சிரித்தான்.

சாயங்காலம் மோட்டார் ஓடும்போதே அந்தக் கல்லைப் பிடுங்கி எறிந்தேன். தண்ணீர் சீறி வரப்பை உடைத்தது. உடைக்கட்டும் என்று நின்றேன். என் சம்சாரம் சேற்றில் இறங்கித் துழாவி, கல்லை எடுத்து அவன் வைத்த இடத்திலேயே வைத்தாள். தண்ணீர் அதில் மோதி, அடங்கி, பாத்திக்குள் போனது.

மோட்டாரை நிறுத்த எங்கள் இருவருக்குமே மனம் வரவில்லை.