கட்டிலுக்கடியில் ஒரு பை

12.8.1991, திங்கள்

பெருக்கும்போது கவிதாவின் கட்டிலுக்கடியில் ஒரு பை அகப்பட்டது. இரண்டு சுடிதார், டார்ச், தீப்பெட்டி. பதினைந்து வயதுப் பெண்.

பள்ளியிலிருந்து வந்ததும் பையை அவள் முன்னால் போட்டேன். "யாருடி அவன்?"

திருதிருவென்று விழித்தாள். பிறகு லெண்டிங் லைப்ரரி நாவல் ஒன்றை நீட்டினாள். "இதுல போர் வந்து உலகமே அழிஞ்சிடும்மா. பெரியவங்க பயந்து நடுங்குவாங்க. என் வயசுப் பொண்ணுதான் காப்பாத்துவா. இங்க ஏர்ஃபோர்ஸ் பிளேன் தாழப் பறந்தாலே நானும் ரெடியா இருக்கணும்னு தோணுது."

பையைக் கவிழ்த்தேன். அடியில் என் பழைய மூக்குக்கண்ணாடி, இரண்டு நாளாக வீடெல்லாம் தேடிய அவருடைய பிரஷர் மாத்திரை.

ஓடினாலும் எங்களையும் இழுத்துக்கொண்டுதான் ஓடுவாள். மாத்திரையை மட்டும் எடுத்துக்கொண்டு, பையைப் பழைய இடத்திலேயே தள்ளிவைத்தேன்.